கம்பெனிப் பலகையும் என் வாய்ச்சொல்லும்

எங்கள் கடையின் பெயர்ப் பலகையை அவர்கள் கழற்றிய நாளில் நான் இத்தாவில் இருந்தேன். கணவர் மௌத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பது எங்கள் மார்க்கத்தின் முறை. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. என் சண்டையெல்லாம் அந்தச் சுத்தியல் சத்தத்தோடுதான். பதுளை பஜாரில் எங்கள் கடையின் பின்சுவரும் என் வீட்டுக் கொல்லையும் ஒட்டியிருந்தன. ஆணிகளைப் பிடுங்கும் சத்தம் நான் உட்கார்ந்திருந்த அறைக்குள் கேட்டது.

எனக்குத் துணையாக என் ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள், வந்து தங்கியிருந்தாள். அவளிடம் கேட்டேன்.

"அது என்ன சத்தம் ராத்தா?"

குசினி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "பலகையக் கழட்டுறாங்க. கம்பெனியாக்கள் வந்தீக்கிறாங்க. நீதானே சம்மதம் சொன்னியாம்."

"நானா? எப்ப?"

"அண்டைக்கு உன் புருசன்ட அண்ணனும் கம்பெனிட கொழும்புக்காரரும் வந்து கேட்டாங்களே, அப்பதான்."

நான் சம்மதம் சொல்லவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத சொல்லை வைத்து என் கடையைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. கணவருக்காக அழுது தீர்ந்திருந்தது. வந்ததெல்லாம் கோபம்.

அது தையல் மெஷின் கடை. மெஷின் செய்த கம்பெனி சீமையில் இருந்தது, அதன் பெரிய கந்தோர், அதாவது ஆபீஸ், கொழும்பில். கொழும்பிலும் கண்டியிலும் கம்பெனி தன் சொந்தக் கடைகளையே வைத்திருந்தது. கண்ணாடி போட்ட கடைகள், சம்பளத்துக்கு மனேஜர், எல்லாம் கம்பெனியுடையது. எங்கள் பக்கத்துக்கு அப்படி வர அவர்களுக்கு மனம் வரவில்லை. வந்து பார்த்தால்தானே மனம் வரும்? ரயில் அந்தக் காலத்தில் பண்டாரவளையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து பதுளைக்கு மாட்டு வண்டி. மலைப் பனியில் நனைந்து வந்த பெட்டியைத் திறந்தால் சக்கரத்தில் துரு ஏறியிருக்கும். இதற்கெல்லாம் சம்பளம் கொடுத்து ஒரு துரையை அனுப்புவார்களா? அதனால் ஏஜென்சி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மெஷின் அவர்களுடையது. கடை, வண்டி, துரு, தலைவலி எல்லாம் எங்களுடையது. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் எங்கள் தலைவிதி. மழை பெய்தாலும் சம்பளக்காரனுக்குச் சம்பளம் வரும். எங்களுக்கு மழை பெய்தால் மழைதான்.

என் கணவர் அதுவரை குடை திருத்தும் கடை வைத்திருந்தவர். கம்பெனி கொடுத்த பெரிய பலகையை வாசலில் மாட்டினார். அதற்குக் கீழே "குடையும் திருத்தப்படும்" என்று தன் கையால் எழுதி ஒரு சின்னப் பலகையையும் மாட்டினார். கொழும்பிலிருந்து யாராவது வரும்போதெல்லாம் சின்னதைக் கழற்றி உள்ளே வைப்பார், போனதும் மாட்டுவார். மலிவான வேறு ஊசிகளும் ரகசியமாக விற்றார். கம்பெனிக்கு ஏஜென்டுகள் மேல் நம்பிக்கை இல்லாமல் போனது ஒன்றும் அதிசயமில்லை. அவர்கள் பேரில் அவரவர் இஷ்டத்துக்கு வியாபாரம் செய்தால் எந்தக் கம்பெனிதான் பொறுக்கும்? இதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் பஸறையிலும் லுணுகலையிலும் அந்தக் கம்பெனிக்கு ஒரு பேர் இருந்ததென்றால் அதை உண்டாக்கியது அவருடைய வண்டி மாடுகள்தான்.

நானும்தான். மெஷினை ஆண்கள் வாங்குவார்கள் என்பது கொழும்பில் உட்கார்ந்து எழுதின கணக்கு. எங்கள் ஊரில் ஆண்கள் கடைக்கு வந்து பார்ப்பார்கள், சக்கரத்தைச் சுற்றுவார்கள், தலையை ஆட்டுவார்கள், போய்விடுவார்கள். வீட்டுக்குள் இருக்கிறவள் "அது என் விரலக் கடிச்சிடும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் அதோடு முடிந்தது. பஜாரில் கடை வைத்திருந்த எங்களாட்களின் பெண்கள் கடைத்தெருவுக்கு வருவதில்லை. அந்நிய ஆண் அவர்கள் வீட்டு நடைக்குள் வர முடியாது. ஆகவே கைமெஷினை ஒரு துணியில் மூடி வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் போவேன். பாயில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளையின் கிழிந்த சட்டையை வாங்கி, அவள் கண் முன்னாலேயே தைத்துக் கொடுப்பேன். பிறகு அவள் கையைப் பிடித்துச் சக்கரத்தில் வைப்பேன். கை பழகியபிறகு மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு புறப்படுவேன். அதுதான் என் தந்திரம். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தவளால் அது வாசல் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தேயிலைத் தோட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போவோம். மற்ற நாளில் விடியற்காலைப் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போன பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புவதற்குள் இருட்டிவிடும். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் மெஷின் வாங்க வழியில்லை. கங்காணி வீட்டில் ஒன்று இருக்கும், லயம் முழுவதும் அதில் தைக்கும். அதனால் கங்காணி மனைவிக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது, லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு மெஷின் விற்க இருபது பேருக்குத் தையல் சொல்லிக் கொடுத்த ஏஜென்சி எங்களுடையதாகத்தான் இருக்கும். அதற்குக் கமிஷன் இல்லை. கேட்கவும் இல்லை.

பிறகு ரயில் எல்ல என்ற ஊரைத் தாண்டி, மலையைக் குடைந்துகொண்டு, பதுளைக்கே வந்து சேர்ந்தது. ஊர் முழுக்கச் சந்தோஷம். எனக்கும்தான். இனி துருப்பிடிக்காத மெஷின் வரும் என்று நினைத்தேன். கொழும்பிலிருந்து மனிதரும் சுலபமாக வருவார் என்று நினைக்கத் தோன்றவில்லை. தூரமாக இருந்தவரை எங்களை நம்பித்தான் ஆகவேண்டும். ராத்திரி ஏறினால் விடிந்து வந்து கடையை எட்டிப் பார்க்கலாம் என்றானபிறகு, நம்ப வேண்டிய அவசியம் என்ன, பங்கு கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? ஆறு கடக்கிறவரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரோ நான் யாரோ. கம்பெனிகள் எப்போது ஏஜென்டை வைக்கும், எப்போது சொந்தக் கடை போடும் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்லும் பதில் அதுதான்.

ரயில் வந்த அந்த வருஷம்தான் என் கணவர் காய்ச்சலில் மௌத்தானார். மைய்யித்தை, அவர் உடலை, குளிப்பாட்டியபோது அவர் இடுப்பு வாரில் தொங்கிய கடைச் சாவியை அவருடைய அண்ணன், என் மச்சான், எடுத்து வைத்துக்கொண்டார். நல்ல மனிதர், புடவைக் கடைக்காரர், ஐந்து நேரத் தொழுகைக்கும் பள்ளிவாசலுக்குப் போகிறவர். ராத்தா மூலம் சாவியைக் கேட்டனுப்பினேன். "இத்தா முடியட்டும், அதுவரைக்கும் அவக்கு ஏன் அந்தக் கரைச்சல்" என்று பதில் வந்தது.

இத்தா தொடங்கி அதிக நாள் ஆகவில்லை, கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வந்தார். கொழும்புத் தமிழர், காற்சட்டையும் கோட்டும் போட்டவர், மரியாதையாகப் பேசினார். அவரும் மச்சானும் வெளி விறாந்தையில் உட்கார்ந்தார்கள். வாசலில் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான். கணவரின் அண்ணனும் எனக்கு அந்நிய ஆண்தான், அவரும் என்னைப் பார்க்கக்கூடாது.

"ஏஜென்சி உங்கள் தம்பி பேரில் இருந்தது. அவர் போனதோடு அது முடிஞ்சுது. இனிப் பதுளையில் கம்பெனியே சொந்தக் கிளை போடப் போகுது. கட்டடச் சொந்தக்காரரோட வாடகை பேசியாச்சு. உள்ளே இருக்கிற மெஷின்களையும் சாவியையும் தந்தால் போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "எனக்குச் சரிதான். ஒரு பொம்புள எப்படி இதக் கட்டி இழுக்கிற. எதுக்கும் அவட சம்மதத்தையும் கேக்கோணும்." பிறகு திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "மச்சி, கேட்டீங்கதானே? சம்மதமா?"

நான் வாய் திறக்கவில்லை. விதவையின் குரல் திரையைத் தாண்டக்கூடாது என்று வந்த பெண்களெல்லாம் சொல்லியிருந்தார்கள். அதுவும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் ஆத்திரம். அத்தனை ஆத்திரத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. என் பதிலைக் கேட்க இன்னொரு நாள் வருவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். வந்தது சுத்தியல்தான்.

அன்றைக்கே மச்சானைக் கூப்பிட்டனுப்பினேன். திரைக்கு வெளியே வந்து நின்றார். விதவையின் குரல் அன்று திரையையும் தாண்டியது, பக்கத்து வீட்டையும் தாண்டியது.

"நான் எப்ப மச்சான் சம்மதிச்சன்?"

"கேட்டமே. நீங்க ஒண்டும் பேசல்லயே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் நிக்காஹில், "இன்னாரை முடித்துத் தரச் சம்மதமா" என்று பெண்ணைக் கேட்பார்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருப்பாள். வெட்கம், அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சொல்லிவிடுவார்கள். மச்சான் தன் மூன்று பெண்களையும் அப்படிக் கேட்டுத்தான் கட்டிக்கொடுத்தார். பழக்கதோஷம். என் கடையையும் அப்படியே கொழும்புக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்!

"மச்சான், நீங்க ஓதின மனுசன். பேசாம இருந்தா சம்மதம் எண்டது யாருக்கு?"

அவர் சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை.

"கன்னிப் பொண்ணுக்கு. புருசன் மௌத்தானவ வாயத் தொறந்து சொல்லோணும். சொல்லாட்டி நிக்காஹே செல்லாது. அல்லாஹ்வும் ரசூலும் எனக்குத் தந்த வாய், கடைச் சாவி எண்டதும் இல்லாமப் போயிட்டுதா?"

அவருடைய செருப்புச் சத்தம் விறாந்தையில் அங்கும் இங்கும் நடந்தது. கடைசியில் மெல்லச் சொன்னார். "நான் செஞ்சது பிழதான் மச்சி. ஆனாச் சாவி போயிட்டுதே."

போனது போனதுதான். மழை விட்டும் தூவானம் விடாததுபோல, கடை போனபிறகும் எனக்குக் கடை வேலை விடவில்லை. இத்தா இருக்கும் பெண்ணைப் பார்க்க ஊர்ப் பெண்களெல்லாம் வருவார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. முந்தானைக்குள் நூல் சுற்றும் பொபினைக் கொண்டுவந்தார்கள், ஊசி முறிந்த மெஷினைக் கூடையில் தூக்கிவந்தார்கள். பள்ளிவாசல் லெப்பையின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"இத்தாவில ஈக்கிற பொம்புளைக்கு இது என்ன வேல?" என்றாள்.

"ஊசி கோத்தா இத்தா முறியும் எண்டு மார்க்கக் கித்தாபுல ஈந்தா லெப்பையக் கேட்டு வந்து சொல்லுங்க, விட்டுர்றன்" என்றேன். அடுத்த வாரம் அவளே கழுத்துப்பட்டி வைக்கக் கற்றுக்கொள்ள வந்து உட்கார்ந்தாள்.

பஸறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கங்காணி மனைவியும் வந்தாள். துக்கம் கேட்டாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு வெளியே நின்ற ஆளைக் கூப்பிட்டுச் சாக்கில் கட்டிய மெஷினை உள்ளே தள்ளச் சொன்னாள்.

"மொதல்ல புதுக் கடைக்குத்தாங்கம்மா போனேன். கண்ணாடி எல்லாம் போட்டு நல்லாத்தான் இருக்கு. அந்த ஐயாவும் தங்கமான மனுசன், நாற்காலியெல்லாம் போட்டாரு. ஆனா இத வச்சிட்டுப் போங்க, கொழும்புக்கு அனுப்பித்தான் பாக்கணும்னு சொல்றாரு. கொழும்பு எங்க கெடக்கு, நான் எங்க கெடக்கேன்? தீவாளிக்கு லயத்துப் புள்ளைங்க எல்லாம் என்னையப் பாத்துக்கிட்டு நிக்கிதுங்க. நீங்களே பாருங்கம்மா."

பார்த்தேன். பற்சக்கரத்தில் பஞ்சு அடைத்திருந்தது. அவள் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

அந்தக் கிளை மனேஜர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மெஷினில் எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும். ஆனால் பழுது பார்க்கக் கம்பெனி அவரை விடவில்லை, அதற்குக் கொழும்பில் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவும் விடவில்லை. தோட்டத்துச் சனம் பதுளைக்கு வருவதே ஞாயிற்றுக்கிழமை! மூடிய கண்ணாடிக்குள் மெஷின்களைப் பார்த்துவிட்டு, புளியும் கருவாடும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வார நாட்களில் பஜார் ஆண்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினார்கள். வீட்டுக்குப் போனதும் பெண்கள் ஒரே பல்லவி பாடினார்கள்: "அவ இத்தா முடிஞ்சு வந்து காட்டட்டும், பொறகு பாப்பம்." நான் யாரையும் தூண்டிவிடவில்லை. தூண்டிவிட்டதாக இன்ஸ்பெக்டர் பிறகு சொன்னார். அந்தப் பெருமையை மறுக்கவும் எனக்கு மனமில்லை.

இத்தா முடிந்து நான் வெள்ளையைக் களைந்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். அதே விறாந்தை, அதே திரை, அதே மச்சான். கிளையிலே எனக்கு வேலை தருகிறார்களாம். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம், மாதச் சம்பளமாம்.

"அம்மா, இனி நட்டம் உங்களுக்கு இல்லை, வண்டிச் செலவும் கம்பெனியோட பொறுப்பு. இதைவிட என்ன வேணும்?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் மனம் ஆடியது. கணவர் இல்லாத பெண்ணுக்கு மாதச் சம்பளம் சும்மாவா? ஆனால் எங்கள் இரண்டு பேரின் உழைப்பில் உண்டான கடைக்கு, பின் கதவால் கூலிக்குப் போவதா? கம்பெனிக்கு என் கால் வேண்டும், என் வாய் வேண்டும், நான் மட்டும் வேண்டாம்.

"சம்மதமில்ல" என்றேன். கேட்க வேண்டியவர்களுக்கு ஒரே தடவையில் கேட்டது.

"அப்போ கிளை இருக்கிறபடியே இருக்கும்."

"இரிக்கட்டும். நானும் இரிக்கிறன்."

இருந்தேன். சும்மா இருக்கவில்லை. சீமைக்குத் திரும்பிப் போகும் துரைசாணிகள் விட்டுவிட்டுப் போகும் பழைய மெஷின்களைப் பங்களா ஆட்கள் மூலம் வாங்கினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, ஓடவைத்து, வண்டியில் ஏற்றினேன். அந்தப் பழைய மெஷின்கள் போன பாதையில் கம்பெனியின் புது மெஷின்கள் போக முடியவில்லை. மனேஜர் பாவம், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே நாளைப் போக்கினார். அடுத்த வைகாசிக்குள் அவரைக் கண்டிக்கு மாற்றிவிட்டார்கள். கடைக்குப் பூட்டு விழுந்தது. சாவி பழையபடி மச்சானிடம் வந்து சேர்ந்தது, யாராவது ஆள் கிடைக்கும்வரை.

இன்ஸ்பெக்டர் மூன்றாம் முறையாக வந்தபோது காகிதங்களோடு வந்தார்.

"கம்பெனி யோசித்துப் பார்த்தது. இந்த ஊருக்குச் சொந்தக் கிளை சரிவராது. முன்போல ஏஜென்சிதான். பெண்கள் பேரில் கொடுக்கிற வழக்கம் இல்லாதபடியால் ஐயா, உங்கள் பேரில் எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டால் சரி. அம்மா முன்போல வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும்."

திரையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தேன். மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடை என் குடும்பத்துக்கு வரும், எனக்கு வராது. கம்பெனியின் கையிலிருந்து மச்சான் கைக்கு மாறும், அவ்வளவுதான். அவர் பேனாவை வாங்கவில்லை.

"கட என்ட இல்ல. அவட. அவட வாயால கேளுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்துத் திரும்பினார். "அம்மா, உங்கள் மச்சான் பேரில் ஏஜென்சி. சம்மதம்தானே?"

நான் பேசவில்லை. வேண்டுமென்றேதான் பேசவில்லை. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "சரி, அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை. ஐயா, இந்த இடத்தில்..." என்று அவர் தொடங்கினார்.

"பொறுங்க" என்றார் மச்சான். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "அவ இன்னும் பேசல்ல."

அதற்குப் பிறகு நான் பேசினேன். "ஏஜென்சி என் பேர்ல எழுதோணும். பலகையில என் பேர் மேல, கம்பெனிப் பேர் கீழ. ஞாயித்துக்கிழம கட தொறப்பன், வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்கு மூடுவன். பழுது நானே பாப்பன். என் வாயால கேக்காம ஒரு ஆணியும் கழட்டக்கூடாது. இதுக்குச் சம்மதம் எண்டா எனக்கும் சம்மதம்."

"இதையெல்லாம் கொழும்பில் கேட்க வேணுமே, அம்மா."

"கேளுங்க. ரயில்தான் இப்ப பதுளைக்கே வருதே."

மச்சான் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டரும் கொஞ்சம் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கொழும்பு உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இழுத்தார்கள், வேறு ஆள் தேடினார்கள், பண்டாரவளையில் ஒருவரைக் கேட்டுப் பார்த்தார்கள். அவருடைய மனைவி என்னிடம் தையல் படித்தவள். கடைசியில் என் பேரில் எழுதிய காகிதம் வந்தது. மச்சான் சாவியைத் திரைக்கு அடியால் தள்ளினார். முக்காட்டைப் போட்டுக்கொண்டு, ராத்தாவை அழைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் முன் வாசல் வழியாகப் போய்ப் பூட்டைத் திறந்தேன். மனேஜர் விட்டுப்போன கண்ணாடி அலுமாரி நன்றாக இருந்தது, அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பலகையை மாட்டத் தச்சரைக் கூப்பிட்டேன். என் பேர் மேலே, கம்பெனியின் பேர் கீழே, அதற்கும் கீழே "குடையும் திருத்தப்படும்". அந்த ஆணிகளை அடித்த சத்தம் பஜார் முழுக்கக் கேட்டது. அது என்ன சத்தம் என்று அன்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.